நெல்மணிக் கணக்கின் கடைசி மூன்று பூஜ்யங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் பகுதியில் சதுரங்கப் பலகையும் நெல்மணியும் பற்றிய பழைய கதையை வெளியிட்டிருந்தீர்கள். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துக்கொண்டே போகும் நெல்லை ஒருவர் அரசரிடம் பரிசாகக் கேட்கும் கதை. கதை நன்றாகவே இருந்தது. ஆனால் பெட்டிக்குள் பெரிய எழுத்தில் போட்டிருந்த வரி, '64ஆவது கட்டத்தில் 18,446,744,073,709,552,000 நெல்மணிகள்' என்பது, இரண்டு இடத்தில் பிழை. மாணவர்கள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பகுதி என்பதால் திருத்தம் தேவை.

முதல் பிழை: அது 64ஆவது கட்டத்தின் எண்ணிக்கை அல்ல, பலகை முழுவதன் கூட்டுத்தொகை. முதல் கட்டத்தில் ஒரு மணி, அதாவது 2⁰. ஆகவே 11ஆவது கட்டத்தில் 2¹⁰, 64ஆவது கட்டத்தில் 2⁶³. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 92,23,37,20,36,85,47,75,808 மணிகள். அதற்கு முந்தைய 63 கட்டங்களையும் கூட்டினால் இதைவிட ஒன்றே ஒன்று குறையும். சின்ன அளவில் பார்த்தாலே விளங்கும்: 1+2+4 = 7, அடுத்த கட்டம் 8. 1+2+4+8 = 15, அடுத்த கட்டம் 16. எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதற்கு முன் வைத்த அத்தனையையும்விட அங்கே ஒரு மணி கூடுதல். அதனால்தான் மொத்தம் 2⁶⁴ − 1 ஆகிறது.

இரண்டாவது பிழை அந்தக் கடைசி மூன்று பூஜ்யங்கள். சரியான எண் 18446744073709551615. நம் முறையில் காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொல்ல வேண்டுமென்றால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. (தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று பேரெண்களுக்குப் பழந்தமிழில் பெயர்கள் உண்டு. ஆனால் அவற்றின் மதிப்பு ஏட்டுக்கு ஏடு மாறுவதால் 'கோடி கோடி' என்பதே இன்று குழப்பமில்லாத வழி.)

385 மணிதானே வித்தியாசம், இவ்வளவு பெரிய எண்ணில் அது என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். எடை போடுபவருக்கு ஒன்றுமில்லை. கணக்குப் படிக்கும் பிள்ளைக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது. இந்த எண் பூஜ்யத்தில் முடியவே முடியாது. முதல் கட்டத்தைத் தவிர மற்ற எல்லாக் கட்டங்களிலும் இரட்டைப்படை எண்ணிக்கை. ஆகவே மொத்தம் ஒற்றைப்படையாகத்தான் வரும். இன்னும் துல்லியமாக, 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்குக்கு ஒருமுறை சுற்றி வரும். 64 நான்கால் மீதியின்றி வகுபடுவதால் 2⁶⁴ ஆறில் முடியும். ஒன்றைக் கழித்தால் ஐந்து. ஏழாம் வகுப்பு மாணவர் இந்த ஒரு வரியை வைத்தே உங்கள் பெட்டிச் செய்தி தவறு என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பூஜ்யங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே பிழை பாடக் குறிப்புகளிலும் வினாடி-வினா தாள்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. பல கணினி நிரல்கள் எண்களை 53 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இரும இலக்கம்) துல்லியத்தில்தான் வைத்துக்கொள்கின்றன. 2⁵³, அதாவது 9007199254740992 வரை எல்லா முழு எண்களும் பிசகாமல் நிற்கும். அதற்கு மேல் இடைவெளி விழும். 2⁶³-க்கும் 2⁶⁴-க்கும் நடுவே 2048-க்கு ஒரு எண்தான் சேமிக்க முடியும். ஆகவே 2⁶⁴ − 1 என்று கேட்டால் கணினி அதை 2⁶⁴ ஆக்கிவிடுகிறது. எழுதிக் காட்டும்போது, பக்கத்து எண்ணிலிருந்து பிரித்தறியப் போதுமான இலக்கங்களை மட்டும் போட்டுவிட்டு மீதி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் வழக்கமும் உண்டு. 552000 என்ற முடிவு அப்படி வந்தது. ஆக அந்தப் பெட்டியில் இருந்தது தவறான எண்ணின் தோராயம்.

எக்செல் போன்ற விரிதாளில் செய்தால் பிழை வேறு முகத்தோடு வரும். அது 15 இலக்கம் வரைதான் காட்டும். 50ஆவது கட்டத்தில் 562949953421312 சரியாக இருக்கும். 51ஆவது கட்டத்தில் 1125899906842624 வர வேண்டிய இடத்தில் 1125899906842620 என்று நிற்கும். 2-இன் அடுக்கு எதுவும் பூஜ்யத்தில் முடியாது என்று தெரிந்தவர் அங்கேயே நிறுத்திவிடுவார். மொத்தத்தைக் கேட்டால் 18446744073709600000 என்று 48,385 மணி கூடுதலாக எழுதும்.

விரிதாளிலேயே சரியாகச் செய்ய வழி இருக்கிறது. ஒரு எண்ணை இரண்டு நிரலாக வெட்டிக்கொள்ள வேண்டும்: வலது நிரலில் கடைசி 10 இலக்கம், இடது நிரலில் மீதி. ஒவ்வொரு வரியிலும் இரண்டையும் இரட்டிக்கவும். வலது நிரல் 10,00,00,00,000-ஐத் தொட்டால் அந்த அளவைக் கழித்துவிட்டு இடதில் 1 கூட்டவும். 34ஆவது கட்டம் வரை (8589934592) இடது நிரல் பூஜ்யம்தான். 35ஆவது கட்டத்தில் 17179869184 வரும்போது முதல் முறையாக இடதுக்கு 1 போகும், வலதில் 7179869184 நிற்கும். 64 கட்டம் முடிந்தபின் இன்னொரு முறை இரட்டித்தால் இடதில் 1844674407, வலதில் 3709551616. ஒட்டி எழுதி ஒன்றைக் கழித்தால் வேலை முடிந்தது. ஏன் 10 இலக்கம் என்றால், 9 இலக்கமாக வெட்டினால் 31ஆவது கட்டத்திலேயே வலது நிரல் 073741824 ஆகிவிடும். விரிதாள் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். ஒட்டி எழுதும்போது ஓர் இலக்கம் காணாமல் போகும். 10-இல் வெட்டினால் இந்த 64 கட்டங்களில் எங்குமே அந்தச் சிக்கல் வராது. பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்த பிள்ளைகள் 2**64-1 என்று தட்டினால் போதும், அதில் முழு எண்களுக்கு இலக்க வரம்பு கிடையாது.

கையால் போடுவதும் கடினமில்லை. 64 முறை இரட்டிக்க வேண்டியதில்லை, வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் ஆறே படி: 2, 4, 16, 256, 65536, 4294967296, பிறகு அதன் வர்க்கம். 1000ஆம் ஆண்டையொட்டி அறிஞர் அல்-பிரூனி இந்தக் கணக்கைப் போட்டதும் இப்படி வர்க்கம் எடுத்துத்தான். கடைசிப் படி மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும். 4294967296-ஐ 42949 என்றும் 67296 என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் துண்டின் வர்க்கம் 1844616601 (43000 − 51 என்று எடுத்தால் மனத்திலேயே வரும்). இரண்டு துண்டுகளின் பெருக்கம் 2890295904, அதன் இருமடங்கு 5780591808. இரண்டாம் துண்டின் வர்க்கம் 4528751616. முதலாவதற்குப் பின் பத்துப் பூஜ்யம், நடுவில் உள்ளதற்கு ஐந்து பூஜ்யம், கடைசியை அப்படியே வைத்து,

18446166010000000000
+ 578059180800000
+ 4528751616

என்று வலது ஓரத்தை நேராக்கிக் கூட்டினால் 18446744073709551616. தவறு நடக்கிற இடம் நடு உறுப்பு: இருமடங்கு எடுக்க மறப்பது ஒன்று, ஐந்துக்குப் பதில் நான்கு பூஜ்யம் போடுவது இன்னொன்று.

விடை சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். 2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதி 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறுக்கு ஒருமுறை சுற்றும். 64-ஐ ஆறால் வகுத்தால் மீதி 4. நான்காவது இடத்தில் 7. ஒன்றைக் கழித்தால் 6. இப்போது நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 87. 8+7 = 15, 1+5 = 6. பொருந்துகிறது. நீங்கள் வெளியிட்ட எண்ணில் கூட்டுத்தொகை 76, அதை மேலும் கூட்டினால் 13, பிறகு 4. விரிதாள் எண்ணில் 70, அது 7. இரண்டும் தோற்றுவிடுகின்றன. ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு: அச்சில் 615 என்பது 651 என்று இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, பிழை தப்பிவிடும். அதற்குத்தான் 11. வலதிலிருந்து ஒன்று விட்டு ஒன்று கூட்டினால் ஒற்றை இடங்கள் 62, இரட்டை இடங்கள் 25, வித்தியாசம் 37, அதை 11-ஆல் வகுத்தால் மீதி 4. அந்தப் பக்கம் 2¹⁰-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 2⁶⁴-க்கும் 2⁴-க்கும் ஒரே மீதி, அதாவது 5; ஒன்றைக் கழித்தால் 4. சரி. 651 என்று மாறியிருந்தால் 7 வந்து காட்டிக்கொடுத்துவிடும். அச்சுக்கோப்பவரும் மெய்ப்புத் திருத்துபவரும் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

இனி அந்த எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூஜ்யம் போட்டு மழுப்பினால் இழப்பது இதைத்தான். இரண்டு கட்டத்தின் மொத்தம் 3. நான்கு கட்டம் 15, அதாவது 3×5. எட்டுக் கட்டம், பலகையின் ஒரு வரிசை, 255 = 3×5×17. இரண்டு வரிசை 65535 = 3×5×17×257. நான்கு வரிசை, பாதிப் பலகை, 4294967295 = 3×5×17×257×65537. ஒவ்வொரு முறை பலகையை இரட்டிக்கும்போதும் பழைய காரணிகள் அப்படியே நிற்க, புதிதாக ஒன்று வந்து சேர்கிறது. காரணம், பள்ளியில் படிக்கும் x² − 1 = (x − 1)(x + 1) என்ற முற்றொருமைதான். புதிதாகச் சேரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இதைப் பார்த்துத்தான் 1640-இல் கணிதர் ஃபெர்மா, இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும் என்று நம்பினார். அடுத்தது 2³² + 1 = 4294967297. பாதிப் பலகையிலிருந்து முழுப் பலகைக்குப் போகும்போது சேரும் காரணி இது. 1732-இல் ஆய்லர் இதை உடைத்தார்: 641 × 6700417.

பத்து இலக்க எண்ணை 641 வகுக்கும் என்று வகுத்துப் பார்க்காமலே காட்டலாம் என்பது இந்தக் கணக்கின் அழகான இடம். 641 என்பது 5×2⁷ + 1. அதுவே 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி 5×2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ மீதி 1 தரும். இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். அப்போது −2³² மீதி 1 தருகிறது. ஆகவே 2³² + 1 மீதி 0. நான்கே வரி. ஆய்லர் குருட்டாம்போக்கில் 641-ஐப் பிடிக்கவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்று அவர் நிறுவினார். அந்த வடிவில் பகா எண்கள் 193, 257, 449, 577, அதற்கடுத்து 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடும்.

ஆக, பலகை முழுவதன் நெல்மணி = 3×5×17×257×641×65537×6700417. ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. எடுக்கலாம் அல்லது விடலாம் என்ற கணக்கில் இதற்குச் சரியாக 128 வகுத்திகள் உண்டு. பாதிப் பலகையின் 4294967295-க்கும் ஒரு தனிப் பெருமை இருக்கிறது. கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு வரையத்தக்க ஒழுங்குப் பலகோணங்களில், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றுள் இன்றுவரை அறியப்பட்ட மிகப் பெரியது இத்தனை பக்கம் கொண்டதுதான். 17 பக்கத்துக்கு இது முடியும் என்று 1796-இல் காஸ் காட்டியதிலிருந்து வந்த முடிவு அது. அந்த ஐந்துக்கு மேல் ஃபெர்மா பகா எண் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

எடைக் கணக்கையும் உங்கள் கட்டுரை 'உலகமே கொள்ளாத நெல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. ஆயிரம் நெல்மணி ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 15 முதல் 30 கிராம் வரை எடை வரும். 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 11ஆவது கட்டத்தில் ஒரு கைப்பிடிகூட இல்லை, 20 கிராம். 21ஆவதில் 21 கிலோ. 31ஆவதில் 21 டன். பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை சுமார் ஆயிரம் மடங்கு. 41-இல் 22,000 டன், 51-இல் 2.25 கோடி டன், 61-இல் 2,300 கோடி டன். பாதிப் பலகை வரை மொத்தம் 86 டன்தான். கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையாகப் பிடித்தால் 2,147 மூட்டை. பெரிய மிராசுதாரர் கொடுத்துவிடக்கூடிய அளவு. அரசர் ஏமாந்த இடம் மறுபாதி. முழுப் பலகைக்கு சுமார் 36,900 கோடி டன். உலகின் இன்றைய நெல் விளைச்சல் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி டன். அப்படியே 460 ஆண்டுக்கு மேல் அளந்து கொட்ட வேண்டும். அரிசியையும் நெல்லையும் கலந்து கணக்குப் போடக் கூடாது. உமியும் தவிடும் போனால் எடை மூன்றில் ஒரு பங்கு போல் குறையும், விடை ஆண்டுக்கணக்கில் மாறிவிடும்.

காசிக் கோயிலில் 64 பொன் தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் புதிரையும் மாணவர் பகுதியில் போடலாம். பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 1883-இல் வெளியிட்ட புதிர் அது. அதற்குத் தேவையான குறைந்தபட்ச நகர்த்தல்களும் இதே எண்தான். நொடிக்கு ஒன்று வீதம் நகர்த்தினால் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுதான்.

சதுரங்கத்துக்கே இந்த எண் திரும்பி வந்திருப்பதுதான் என்னை அதிகம் ஈர்ப்பது. இன்றைய சதுரங்க நிரல்கள் பலவும் பலகையை, ஒவ்வொரு வகைக் காய்க்கும் 64 பிட் கொண்ட ஓர் எண்ணாக நினைவில் வைக்கின்றன. கட்டத்துக்கு ஒரு பிட்: காய் இருந்தால் 1, இல்லையென்றால் 0. எல்லாக் கட்டமும் நிரம்பினால் 64 ஒன்றுகள். அந்த எண் 18446744073709551615. நெல் கதையும் இதுவும் ஒரே கணக்கு. 1-இலிருந்து இந்த எண் வரை எந்த எண்ணைச் சொன்னாலும், அத்தனை மணியைத் தரச் சில கட்டங்களை முழுதாக எடுத்தால் போதும். அப்படி எடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. 1000 மணி வேண்டுமா? 10, 9, 8, 7, 6, 4ஆவது கட்டங்கள்: 512+256+128+64+32+8. பிள்ளைகளுக்கு இரும எண்ணைக் கற்பிக்க இதைவிட நல்ல கருவி இல்லை, பலகையும் ஒரு படி நெல்லும் போதும்.

கதையின் ஊர் பற்றியும் ஒரு சொல். 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற அறிஞர் எழுதிவைத்த வடிவத்தில் பரிசு கேட்பவர் சிஸ்ஸா என்பவர். கேரளத்து அம்பலப்புழையில் கண்ணன் மன்னனோடு ஆடி அரிசி கேட்டதாகவும், அந்தக் கடனுக்கே அங்கே பால் பாயசம் வழங்கப்படுவதாகவும் சொல்வார்கள். நீடாமங்கலம் அருகே பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது; அங்குள்ள தலபுராணம் இறைவன் சதுரங்கம் ஆடி அரசகுமாரியை வென்றதைச் சொல்கிறது. அது வேறு கதை, நெல்லோடு சேர்க்க வேண்டாம்.

திருத்தம் வெளியிடும்போது, 'பலகை முழுவதற்கும் 1,84,46,74,40,73,70,95,51,615 நெல்மணிகள். 64ஆவது கட்டத்தில் மட்டும் 92,23,37,20,36,85,47,75,808' என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். முதல் எண்ணில் 20 இலக்கம், இரண்டாவதில் 19. பத்தி அகலம் குறைவாக இருந்தால் வரி முடிவில் எண் உடையும். எழுத்தைச் சிறிதாக்கினாலும் பரவாயில்லை, ஒரே வரியில் நிற்கட்டும். மாணவர்களுக்குக் கேள்வியாக இதை வைக்கலாம்: 2⁶⁴ − 1 என்ற எண் 7-ஆல் வகுபடுமா? வகுத்துப் பார்க்காமல் சொல்லவும். 2³-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே துப்பு.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்,
மன்னார்குடி.